முள் குத்தியது தெரியாத கை

கருவேலந்தோப்பு காலனி,
பழவேற்காடு.
9-2-2025

என் செல்ல வினோவுக்கு,

அக்கா காந்தா எழுதறேன். நானு, உங்க மாமா, குட்டி பவித்ரா மூணு பேரும் வேளைக்குச் சாப்ட்டுகினு, அடிச்சுப் போட்டாப்புல தூங்கிகினு நல்லாத்தான் கீறோம். நீ அந்த மலைக் குளிர்ல எப்டி கீற? ஸ்வெட்டர் போடுறியா, இல்ல அழகா தெரியணும்னு பொட்டியிலயே வெச்சிருக்கியா?

நர்சு படிப்புல மொத வருசம் போனே வெச்சுக்கக் கூடாதுன்னு இன்னாடி ரூல்சு இது! என் போனும் போன மாசம் ஏரியில முழுகிப் போச்சு. அதான் எட்டாங்கிளாசோட விட்ட பேனாவை மறுபடி புடிச்சிருக்கேன். தப்பு இருந்தா சிரிக்காத.

ஏரித் தண்ணி இப்போ இடுப்பளவுதான். காலையில ஆறு மணிக்கெல்லாம் எறா போடற ஓலைப்பறியை வாயில கடிச்சுகினு பத்து பொம்பளைங்க வரிசையா இறங்கிடறோம். உனக்குத் தெரியாததா? குந்திகினே சேத்தைத் தடவிகினு போணும். பக்கத்து ஆளு கையில தப்பிச்ச எறா நம்ம கையில மாட்டும். அதனால ஒட்டி ஒட்டித்தான் போறது.

ஒரு கூத்து கேளு. கெளுத்தி முள்ளு குத்துனா நாம எப்டி கத்துவோம்? போன வாரம் காசியம்மா பெரிம்மா என் கையைப் பாத்துட்டு, "அடியே, ரத்தம்டி!"னு அலறுது. சுண்டுவெரல்ல முள்ளு முறிஞ்சு நிக்குது. எனக்குத் தெரியவே இல்ல! நண்டு கடிச்சாலும் அப்டித்தான். "இருவது வருசம் தண்ணியில ஊறுன கை, பழுத்துப் போச்சு"னு பெரிம்மா சொல்லிச்சு. எல்லாம் சேந்து எனக்குக் கல்லுக்கைன்னு பேரு வெச்சிட்டாளுங்க. இப்போ கரையோர நண்டு வளை எல்லாம் என்னுதுதான். எவளுக்கும் கையை விட தெகிரியம் கிடையாது, நான் முழங்கை வரைக்கும் விட்டு எடுக்கறேன்.

நெஜமா சொல்றேன் வினோ, இந்த மாசம் மாதிரி நான் சந்தோசமா இருந்ததே இல்ல. பெருசா ஒண்ணும் நடக்கல. எறா கெடைக்குது, சிரிக்கறோம், வூட்டுக்கு வந்தா பவித்ரா பசிக்குதுன்னு கத்தறா. அவ்ளோதான்.

முழங்கையில இருக்கற தேமல்தான் இன்னும் போவல. நீ தேச்சுவுட்ட எண்ணெய் தீந்தே போச்சு.

உடம்பைப் பாத்துக்கோ. பதில் போடு.
உன் அக்கா காந்தா

*

செவிலியர் விடுதி,
கோத்தகிரி.
20-2-2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தலைகாணிக்கு அடியிலேயே வெச்சிருக்கேன். ஸ்வெட்டர் போடுறேன், சாப்பிடுறேன், அழாம இருக்கேன். மாமாவுக்கும் பவித்ராவுக்கும் என் அன்பைச் சொல்லு.

இங்க ரூம் பொண்ணுங்க எல்லாரையும் கூப்பிட்டு நீ எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். ஏரி வாசனையே வந்துச்சுக்கா. கல்லுக்கைன்னு வந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அப்புறம் படுக்கும்போது சில கேள்வி வந்துச்சு. சும்மாதான் கேக்கறேன். முள்ளு குத்தினது எந்தக் கை? தேமல் இருக்கற அதே கையா? சுண்டுவிரல் மட்டுமா, பக்கத்து விரலுமா? தேமல்ல அரிக்குதா? அதுமேல எறும்பு கடிச்சா தெரியுதா? வெயில்ல நிக்கும்போது மத்த இடமெல்லாம் வேர்க்க, அந்த இடம் மட்டும் காஞ்சிருக்கா?

ஒருநாள் அந்தப் பக்கம் போனா ஆஸ்பத்திரியில கையைக் காட்டிட்டு வாயேன். முள்ளு உள்ள தங்கியிருக்கப் போவுது.

பதிலுக்குக் காத்திருக்கும்
வினோதினி

*

பழவேற்காடு,
3-3-2025

எங்க வூட்டு டாக்டரம்மாவுக்கு,

நாங்க எல்லாம் சொகம். உனக்குத்தான் மூளை சூடாயிருக்கும் போல, இத்தினி கேள்வி கேட்டுகிற!

உன் லெட்டரைக் கரையில எல்லார் எதிர்லயும் சத்தமா படிச்சேன். காலனியில வேற யாருக்கும்மா லெட்டர் வருது? பெருமையா இருக்காதா? எறும்பு கடிச்சா தெரியுதான்னு கேட்டியே, அதுக்கு ஒரே சிரிப்பு. உடனே காசியம்மா பெரிம்மா கட்டெறும்பு ஒண்ணைப் புடிச்சு என் தேமல் மேல வுட்டுது. அது கடிச்சுகினே நிக்குது, நான் பாத்துகினே நிக்கறேன். ஒண்ணும் தெரியல. கைதட்டுறாளுங்க!

அதே சோத்துக் கைதான். சுண்டுவெரலு, அடுத்த வெரலு ரெண்டும். அரிப்பெல்லாம் கிடையாது. வேர்வையை எவ பாத்தா? காலையில எழுந்ததும் சுண்டுவெரலு கொஞ்சம் மடங்கிகினு நிக்குது, இன்னொரு கையால நீட்டிவுடறேன். நேத்து டீ கிளாசு நழுவி வுழுந்துச்சு. உங்க மாமா, "கல்லுக்கைக்கு கிளாசு கூட கனமாயிடுச்சா?"ன்னாரு.

ஆஸ்பத்திரிக்குப் போவ எங்கடி நேரம்? தண்ணி ஏறிடுச்சுன்னா கையால எறா புடிக்க முடியாது. இப்போதான் புடிக்கணும். மழைக்காலத்துல பாத்துக்கலாம்.

கவலைப்படாம படி.
அக்கா காந்தா

*

கோத்தகிரி,
10-3-2025

அன்பு அக்கா,

எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். இந்த முதல் தாளைக் கரையில படி. இங்க பனி குறைஞ்சிடுச்சு, ஊசி போடக் கத்துக்கிட்டேன், காசியம்மா பெரிம்மாவுக்குத்தான் முதல் ஊசின்னு சொல்லு. சின்னதா மடிச்சு வெச்சிருக்கற ரெண்டாவது தாளை மட்டும் நீ தனியா படி.

அக்கா, இதுதான் ரெண்டாவது தாள். முந்தாநாள் வகுப்புல சிஸ்டர் ஒரு கையோட படம் காட்டினாங்க. முழங்கையில வெளிறின தேமல், உணர்ச்சி இல்ல, கடைசி ரெண்டு விரல் மடங்கியிருக்கு. உன் கையை யாரோ படம் புடிச்சு அனுப்பினா மாதிரி இருந்துச்சு. பாதி வகுப்புல எழுந்து வெளிய போயிட்டேன்.

உன் கை பழுக்கலக்கா. நரம்பு சாகுது. அந்தப் பேரை நான் எழுத மாட்டேன், உனக்கே தெரியும். ஆனா இது மாத்திரையில முழுசா குணமாவும். அரசாங்க ஆஸ்பத்திரியில சும்மாவே குடுப்பாங்க. தள்ளிப் போட்டா விரல் மடங்கினது மடங்கினபடியே நின்னுடும். தோல் டாக்டர்கிட்ட கையை நீட்டு, மீதியை அவங்க பாத்துப்பாங்க. இந்த வாரமே போ. கெஞ்சிக் கேக்கறேன்.

உன் வினோ

*

பழவேற்காடு,
2-4-2025

வினோவுக்கு,

எல்லாரும் இருக்கோம்.

மொத தாளைக் கரையில படிச்சேன். ரெண்டாவது தாளை அடுப்புல போட்டுட்டேன்.

பேரை எழுதலன்னா எனக்குத் தெரியாதா? பெருவியாதின்னு சொல்றே. திருப்பாலைவனம் பஸ் நிக்கற எடத்துல, மரத்தடியில துணி சுத்துன கையோட ஒரு ஆளு குந்தியிருப்பாரே, நெனப்பிருக்கா? அம்மா நம்மளை அந்தப் பக்கம் இட்டுகினு போவும்போது மூச்சை அடக்கிக்கச் சொல்லும். நீ குட்டிப் பொண்ணு, மூச்சை அடக்கி மூஞ்சி செவந்துடும். அந்த ஆளு ஒருநாள் செத்தப்போ தூக்கறதுக்கு ஆளு இல்ல.

அந்த எடத்துல என்னை குந்த வெக்கப் பாக்கறியா?

இங்க இருக்கற ஆஸ்பத்திரியில எப்பவும் காலனி ஆளுங்கதான் வரிசையில நிப்பாங்க. நான் எந்த ரூமுக்குப் போறேன்னு பாத்தா சாயங்காலத்துக்குள்ள ஏரி முழுக்கத் தெரியும். அப்புறம் எவ என் பக்கத்துல ஒட்டிகினு எறா புடிப்பா? உங்க மாமா இன்னா சொல்லுவாரு? எனக்கு இருக்கறது இந்த வரிசையும் இந்த வூடும்தான்.

எனக்கு ஒண்ணும் இல்ல. இதைப் பத்தி இனிமே எழுதாத. தபால்காரர் லெட்டரை உங்க மாமா கையிலதான் குடுக்கறாரு.

காந்தா

*

கோத்தகிரி,
12-4-2025

அக்கா,

கோவமா இருந்தாலும் நீ நல்லா இருக்கணும். மாமா இதைப் பிரிச்சுப் படிச்சா படிக்கட்டும். நான் எழுதாம இருக்க முடியாது.

எனக்கும் பயமாத்தான் இருக்கு. தினமும் குளிக்கப் போகும்போது ஒரு ஊசியை எடுத்து என் விரல் பத்தையும் குத்திப் பாக்கறேன். நானும் உன் பக்கத்துலதானே படுத்து வளர்ந்தேன். வலிச்சா நிம்மதியா இருக்கு, மறுநாள் மறுபடி குத்தறேன். நர்சுக்குப் படிக்கற பொண்ணு இப்படிப் பண்றான்னு தெரிஞ்சா சிரிப்பாங்க.

மூச்சை அடக்கினதெல்லாம் வீண்கா. அந்த ஆளு காலத்துல சரியான மாத்திரை அவர்கிட்ட போய்ச் சேரல, அவ்வளவுதான். இங்க ஒரு தையக்கார அம்மா இதே நோய்க்கு மருந்து சாப்பிட்டு முடிச்சிட்டு எங்களுக்கு யூனிபாரம் தைக்கறாங்க. மருந்து ஆரம்பிச்சிட்டா சீக்கிரமே அடுத்தவங்களுக்குத் தொத்தாது. ஆரம்பிக்கலன்னாதான் தொத்தும்.

இன்னொண்ணு சொல்றேன், அப்புறம் நீ என்கூடப் பேசலன்னாலும் சரி. பவித்ரா உன் கையைத் தலைக்கு வெச்சுக்கிட்டுத்தான் தூங்கும்.

வினோ

*

கோத்தகிரி,
10-5-2025

அக்காவுக்கு,

ஒரு மாசமா உன் எழுத்து வரல. தினமும் மத்தியானம் தபால் பொட்டியைப் பாத்துட்டுத்தான் சாப்பாட்டுக்கே போறேன்.

போன ஞாயித்துக்கிழமை ஆபீஸ் போன்ல அஞ்சு நிமிஷம் பேச விட்டாங்க. மாமா போனுக்குப் போட்டேன். அக்கா எப்படி இருக்குன்னேன். "இருக்கா"ன்னார். குடுங்கன்னேன். "தூங்குறா"ன்னார். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நீ எப்பக்கா தூங்கியிருக்க?

கடைசியா எழுதினது உன்னைக் குத்தியிருந்தா மன்னிச்சிடு. ஒரு வரி எழுது. வெறும் பேரை மட்டுமாவது எழுது.

வினோ

*

பழவேற்காடு,
28-5-2025

அன்புள்ள தங்கை வினோதினிக்கு,

நாங்கள் அனைவரும் நலமாக இருக்கிறோம். உன் நலத்தையும் படிப்பையும் பற்றி அறிய ஆசை.

இங்கு வெயில் அதிகம். பவித்ராவுக்கு லீவு விட்டாச்சு. இப்போ அது அவங்க நைனா பக்கத்துல படுத்துக்குது, ஃபேன் காத்து அங்கதான் நல்லா வருதாம். உங்க மாமா மேஸ்திரியோட வேலைக்குப் போய்கினு இருக்காரு. நேத்து வெரால் மீன் கொழம்பு வெச்சேன். எல்லாரும் சாப்ட்டதுக்கு அப்புறம் நான் சாப்ட்டேன். புதுசா ஒரு தட்டு வாங்கியிருக்கேன். வெயிலா இருக்கறதால தண்ணிக்குப் போறதில்ல.

வேறு விசேஷம் இல்லை. நல்லா படி.

இப்படிக்கு,
காந்தா

*

கோத்தகிரி,
6-6-2025

அக்கா,

அழுகையை அடக்கிட்டு எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காத.

உன் கடிதத்தைப் பத்து தடவை படிச்சேன். பள்ளிக்கூட நோட்டுல எழுதற மாதிரி எழுதியிருக்க. ஒரு கிண்டல் இல்ல. பெரிம்மா இல்ல. கை இல்ல. இருவது வருஷத்துல வெயிலுக்குப் பயந்து நீ தண்ணியில இறங்காம இருந்ததே இல்ல. பவித்ரா தள்ளிப் படுக்குது, உனக்குன்னு தனித்தட்டு, எல்லாரும் சாப்பிட்ட பிறகு நீ தனியா சாப்பிடற. நீயே உன்னை அந்த மரத்தடியில உக்கார வெச்சுக்கிட்டியாக்கா?

லீவு கேட்டேன். ஆகஸ்டுக்கு முன்னாடி இல்லன்னுட்டாங்க. பகல்ல டூட்டி பாக்கறேன், மருந்து எடுத்துக் குடுக்கறேன், அத்தனை பேர் கையையும் புடிச்சுப் பாக்கறேன். உன் கையை மட்டும் புடிக்க முடியல. எனக்கு வேற எதுவும் வேணாம், என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லு.

உன் வினோ

*

பழவேற்காடு,
2-7-2025

என் வினோ,

நல்லா இருக்கேன்னு இந்த வாட்டி எழுதல. நீ நல்லா இரு.

நான் போனேன்டி. நீ பவித்ராவைப் பத்தி எழுதுன பாரு, அதுக்கப்புறம் மூணு நாளு அந்தக் கையை இடுப்புக்கு அடியில போட்டு அமுக்கிகினு படுத்தேன். நாலாவது நாளு எளாவூர்ல சொந்தக்காரங்க வூட்டு விசேசம்னு பொய் சொல்லிட்டு பஸ் ஏறுனேன். செக்போஸ்ட் தாண்டி ஆந்திரா பக்கம் போனா என் மூஞ்சி எவனுக்குத் தெரியும்?

அங்க ஒரு டாக்டரம்மா. கண்ணை மூடிக்கோ, பேனா முனையால தொடுவேன், தொட்ட எடத்தைக் காட்டுன்னாங்க. மூடிகினு குந்தியிருக்கேன், குந்தியிருக்கேன், ஒண்ணும் நடக்கல. எப்போம்மா ஆரம்பிப்பீங்கன்னு கேட்டேன். பன்னெண்டு எடம் தொட்டாச்சுன்னாங்க. "நொப்பி லேதா?"ன்னு கேட்டாங்க, வலி இல்லியான்னு. லேதுன்னேன். சொல்லும்போதே அழுதுட்டேன். முள்ளு குத்தி வலிக்கலன்னு கைதட்டி சிரிச்சவ நான்.

தொழுநோய்தான். எழுதிட்டேன் பாரு. ஒரு வருச மாத்திரை, நரம்புக்குத் தனியா மாத்திரை. அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வெச்சேன். மொத மாத்திரை போட்டு பாத்ரூம் போனா செவப்பா போவுது. செத்தோம்னே நெனைச்சேன். அப்டித்தான் போவும்னு அவங்க தெலுங்குல சொன்னது எனக்குப் புரியல போல. இப்போ மூஞ்சியும் கறுத்துகினே வருது. மருந்துலதான்னு தெரியுது, ஆனா காலனியில கேக்கறாளுங்க. அதான் கரைக்குப் போறதில்ல. நீ போன் பண்ண அன்னிக்கும் இழுத்துப் போத்திகினு சுவத்தைப் பாத்து படுத்திருந்தேன்.

போன வாரம் உங்க மாமா அரிசி எடுக்கும்போது மாத்திரை அட்டை அவரு கையில வந்துடுச்சு. உன் லெட்டரைப் பிரிக்காமத்தான் எங்கிட்ட குடுப்பாரு, அதனால அதுவரைக்கும் அவருக்கு ஒண்ணும் தெரியாது. இன்னான்னாரு. சொல்லிட்டேன். எத்தினி நாளுதான் பொய் சொல்றது?

ரெண்டு நாளு வெளித் திண்ணையில படுத்தாருடி. மூணாவது நாளு பையில லுங்கி, சட்டை எடுத்து வெச்சுகினு, பசியாவரம் தீவுல படகு வேலை கீதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பவித்ராவை மட்டும் தூக்கி முத்தம் குடுத்தாரு. என்னைப் பாக்கல. இன்னிக்கு அஞ்சு நாளு ஆவுது.

நைனா எப்போ வருவாருன்னு பவித்ரா கேக்கறா. மாத்திரையை மட்டும் வுடல.

அக்கா

*

கோத்தகிரி,
9-7-2025

என் தங்க அக்கா,

நீ தனியா எல்லை தாண்டிப் போய் கையை நீட்டினியே, அதைவிடப் பெரிய காரியம் இந்த ஆஸ்பத்திரியில யாரும் பண்ணி நான் பாக்கல. மாத்திரையை விடாத. சிவப்பாப் போறதும் கறுக்கறதும் மருந்து வேலைதான், முடிஞ்சதும் சரியாயிடும். பவித்ராவைப் பக்கத்துல படுக்க வை. இப்போ நீ பயப்பட வேண்டியதில்ல, நான் படிச்சதைத்தான் சொல்றேன்.

மாமா வந்துடுவார்னு பொய்யா ஆறுதல் சொன்னா நீ கண்டுபுடிச்சிடுவ. ஆகஸ்ட் கடைசியில மூணு நாள் லீவு குடுத்திருக்காங்க. வந்து உன் பக்கத்துல படுத்துக்கறேன்.

வினோ

*

பழவேற்காடு,
14-9-2025

என் தங்கச்சி வினோவுக்கு,

பத்திரமா போய்ச் சேந்தியா? வழியில வாந்தி எடுத்தியா? நீ வந்துட்டுப் போனதுல பவித்ராவுக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சு, எல்லாருக்கும் ஊசி போடறேன்னு ஈர்க்குச்சியோட சுத்துறா.

நீ இருந்த மூணு நாளும் உங்க மாமா எதிர்லயே குந்தியிருந்தாரு, அதனால உங்கிட்ட சொல்ல முடியல. ஜூன் கடைசியில கெளம்பி பதினாறு நாளு போயிருந்தாரே, எங்க போனாருன்னு இப்போதான் வாயைத் தொறந்தாரு. பதினஞ்சு நாளு பசியாவரத்துல சும்மா படகுல குந்தியிருந்தாராம். "பயந்துட்டேன்டி, ஓடிப்போயிடலாம்னுதான் போனேன்"னாரு. மூஞ்சிக்கு நேராவே சொல்றாரு. எனக்குக் கோவம் வந்துச்சு, திட்டுனேன். நானும்தான் ஓடுனேன், எளாவூரு தாண்டி ஓடுனேன்னு அப்புறம் தோணிச்சு. பதினாறாவது நாளு, போவும்போது பையில போட்டுகினு போன காலி மாத்திரை அட்டையை எடுத்துகினு அந்த ஆந்திரா ஆஸ்பத்திரிக்கே போயிருக்காரு. தெலுங்கு தெரிஞ்ச ஒரு ஆளைக் கூட்டிகினு போய் டாக்டரம்மாவை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாராம். அவருக்கும் பவித்ராவுக்கும் தடுப்புக்கு மாத்திரை குடுத்தாங்க.

காசியம்மா பெரிம்மாகிட்ட நானே சொன்னேன். "அந்தக் கட்டெறும்பை நான்தானே வுட்டேன்"னு அழுதுச்சு. ரெண்டு பேரு என்னைப் பாத்தா இப்பவும் அந்தப் பக்கமா சுத்திகினு போறாளுங்க. போவட்டும். தண்ணியில இறங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, குத்துனா தெரியாதில்ல. கரையில குந்தி எறா பிரிக்கறேன். அவளுங்க வரிசையா போறதைப் பாக்கும்போது நானும் இறங்கணும்னு இருக்குது. அது போவாது.

சுண்டுவெரலு கொஞ்சம் நீளுது. உணர்ச்சி வருமா வராதான்னு இப்போ சொல்ல முடியாதாம். ஒருநாள் சட்டி சுட்டு தோலு உரிஞ்சதே எனக்குத் தெரியல, அன்னிக்கு ராத்திரி பூரா பயம். இந்தப் பயம் இனிமே என்கூடத்தான் இருக்கும்னு நெனைக்கறேன்.

ஆனா ஒண்ணு கேளு. இந்தக் கைக்குக் காயம் பட்டா எனக்குத் தெரியாதில்ல, அதனால வூட்டுல யாராவது தெனமும் பாக்கணும்னு டாக்டரம்மா அவருகிட்ட சொல்லியிருக்காங்க. கல்யாணம் ஆயி பத்து வருசம், இந்த மனுசன் நாலு பேரு எதிர்ல என் கையைப் புடிச்சது கிடையாது. இப்போ தெனமும் சாயங்காலம் வெளிச்சம் போறதுக்கு முன்னாடி வாசல்ல குந்தி, கையைக் குடுங்கறாரு. மடியில வெச்சுகினு ஒவ்வொரு வெரலா திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. போறவங்க வரவங்க பாக்கறாங்க, அவரு கவனிக்கறதே இல்ல. அவரு புடிக்கறது எனக்குத் தெரியுதா தெரியலையான்னு கேக்காத. நான்தான் கண்ணால பாத்துகினு இருக்கேனே.

இரு, கூப்புடறாரு. வெளிச்சம் போவுதாம். காட்டிட்டு வந்து முடிக்கறேன்.

வந்துட்டேன். இன்னிக்கு ஒண்ணும் இல்லயாம்.

உன் அக்கா
காந்தா